பேலியகொடைக்கு வரும் மண்

பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறியை விட்டு அதில் ஒட்டியிருக்கிற மண்ணைப் பார்க்கத் தொடங்கினால், எந்த மூட்டை எந்த ஊர் என்று கேட்கத் தேவையில்லை. நுவரெலியா லீக்ஸின் வேரில் கறுத்த ஈர மண். வலிகாமத்துச் சின்ன வெங்காயத்தில் செம்மண் தூள். கற்பிட்டி உருளைக்கிழங்கில் மணல். கரட் மட்டும் மலையிலேயே குளித்துவிட்டு வருவதால் ஊர் சொல்லாது. லொறிகள் போன பிறகு தரையில் மிஞ்சுவது கோவாவின் வெளி இலை, லீக்ஸ் தாள், மண். நாட்டாமைமாரின் காலடியில் மூன்றும் ஒன்றாகிவிடும். அள்ளுகிறவர்களுக்கு அது குப்பை. எனக்கு இப்போது அதுதான் பாடம்.

*

மலை மண் பேலியகொடைக்கு இரண்டு வழியாக வருகிறது. ஒன்று லொறி. மற்றது ஆறு. மேலே இரண்டு நாள் மழை பெய்தால் களனிப் பாலத்தின் கீழே தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் போகும்.

ஆனால் இரண்டும் ஒரே சரிவின் மண் அல்ல. நுவரெலியா, வெலிமடைத் தோட்டங்களின் மண் லொறியில் மட்டும்தான் இங்கே வரும். அங்கே மழை கழுவுவது நானு ஓயா, உமா ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. ரந்தம்பை நீர்த்தேக்கம் வண்டலால் தூர்ந்த கதைக்கு உமா ஓயாதான் பெரும் காரணம். களனி கொண்டுவருவது வேறு. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் சேர்ந்து பிறக்கிற ஆறு அது. பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா தேயிலை மேலே. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, அவிசாவளை இறப்பர் கீழே. ஆகவே லொறியின் மண் மரக்கறியின் கதை, ஆற்றின் மண் தேயிலை, இறப்பரின் கதை. (ஆற்றுப் படுகையில் மணல் அள்ளிக் கரை இடிந்து வருகிற மண்ணும் அதில் உண்டு. எல்லாவற்றையும் கமக்காரன் தலையில் கட்டக் கூடாது.)

*

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு மண் என்றால் பத்துக் கன மீற்றர். நிறை ஏறக்குறைய 12, 13 தொன். மலையகத்தில் பழைய நாளில் எடுத்த அளவீடுகளில், தரை மூடாத விதைத் தேயிலையில் வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 50 தொன்னுக்கு மேல் மண் போயிருக்கிறது. நாலு மில்லிமீற்றர். ஒரு வருடத்தில் நாலு மில்லிமீற்றர் குறைந்ததை எந்தக் கங்காணியின் கண்ணும் பிடிக்காது. எழுபத்தைந்து வருடத்தில் ஒரு அடி.

அதே வகை அளவீடுகளில் புகையிலைக்கு 70 தொன், கறிமிளகாய்க்கு 38, கரட்டுக்கு 18. செடிகள் தரையை நன்றாக மூடிய, நல்ல பராமரிப்பில் உள்ள தேயிலையில் அரைத் தொன்கூட இல்லை. கண்டி வீட்டுத்தோட்டத்தில், அதாவது பலா, கமுகு, மிளகு, கோப்பி, வாழை என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடைந்து கிடக்கிற வளவில், 50 கிலோ. தொன் அல்ல, கிலோ. மழையும் சரிவும் இடத்துக்கிடம் மாறும்தான். தரைக்கு மேல் இலை இருந்ததா, தரையில் சருகு கிடந்ததா, மண்வெட்டி எத்தனை தரம் இறங்கியது: பெரிய வித்தியாசம் அதில்தான்.

*

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து இப்போது சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவர் சொன்னது: "எங்க அப்பா காலத்துல சொரண்டி வச்சு சொரண்டுவாங்க. தொர வந்து பாத்தா தரை பளபளன்னு இருக்கணும். ஒரு புல்லு இருந்தா பேரு வெட்டுவாரு."

அந்தப் பளபளப்புத்தான் ஒரு நூற்றாண்டு காலம் நல்ல தோட்டத்தின் அடையாளமாக இருந்தது. கோப்பிக் காலத்துத் துரைமாரிடமிருந்து தேயிலைக்கு வந்த பழக்கம். களை எடுப்பதும் மேல் மண்ணைக் கரண்டி கரண்டியாகக் கிளறி மழைக்குத் தயாராக வைப்பதும் ஒரே வேலை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கான் வெட்டினார்கள், கல்லணை கட்டினார்கள். இரண்டும் புறப்பட்ட மண்ணை வழியில் மறிக்கிற வேலை. புறப்படாமல் தடுப்பது இலையும் சருகும் வேரும்தான். மழைத்துளி நேராக மண்ணில் விழுந்தால் மண்கட்டி உடைந்து நுண்தூள் துவாரங்களை அடைக்கும்; அதன் பிறகு தண்ணீர் இறங்காது, ஓடும். துளி தரைக்குக் கிட்ட உள்ள ஒரு இலையில் விழுந்து சொட்டினால் அந்த அடி இல்லை.

மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் வந்தது. அதற்கு முன்பே போக வேண்டியது போயிருந்தது.

*

தேயிலைக்காரர்களிடமிருந்து கற்க வேண்டிய நல்ல விஷயம் ஒன்றும் உண்டு: மானாப் புல். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் உடனே புதுக் கன்று வைக்காமல், மானாவோ கோத்தமாலாப் புல்லோ நட்டு ஒன்றரை முதல் இரண்டு வருடம் விட வேண்டும் என்பது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய பரிந்துரை. புல்லை அவ்வப்போது வெட்டி அங்கேயே பரப்புவார்கள். ஆழ வேர் இறுகின மண்ணைத் திறக்கும். அழுகிய வேர் சேதனப் பொருளாகும். தேயிலை வேரைத் தின்னும் வட்டப்புழு பட்டினி கிடந்து குறையும். மூடுபயிர் என்று இன்று மாநாடுகளில் பேசுவது மலையகத் தொழிலாளிக்குப் பழைய பிரட்டு வேலை.

சிக்கல் அந்த இரண்டு வருடத்தில் இருக்கிறது. கம்பனி தாங்கும். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருக்கிற சிறு தோட்டக்காரர் இரண்டு வருடம் புல்லைப் பார்த்துக்கொண்டு என்ன சாப்பிடுவார்?

*

இறப்பர். கன்று வைத்து முதல் நாலைந்து வருடம் வரிசைகளுக்கு நடுவே வெயில் விழும் வெற்றுத் தரை. களனிப் பள்ளத்தாக்கின் மழைக்கு அது போதும். ஆகவே பியூராரியாக் கொடி விதைத்தார்கள்; அண்மைக் காலமாக முக்குனா பிராக்டியேற்றா. வடகிழக்கு இந்தியக் காட்டுக்கொடி, கேரள இறப்பர்த் தோட்டங்களில் பேர் பெற்று இங்கே வந்தது. இரண்டுமே அவரையினம், வேர் முடிச்சில் பற்றீரியாவை வைத்துக் காற்றின் நைதரசனைப் பிடிப்பவை. முக்குனாவை மாடு தொடாது. அது கேரளத்துக்காரருக்குப் பெரிய வசதி.

கொடியை விதைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அது கன்றில் ஏறும். கன்றைச் சுற்றி வட்டமாக வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இலை மேலே கூடியதும் நிழலில் கொடி தானாகச் சாகும், உதிர்ந்த இறப்பர் இலை தரையைப் பொறுப்பேற்கும். மூடுபயிர் நிலத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குகிற இந்த இடம் எனக்கு மிகப் பிடிக்கும். அழகான கைமாற்று.

*

உழாமல் விவசாயம் என்றவுடன் நம்மவர்களுக்கு ஜப்பானிய விவசாயி ஃபுக்குவோக்காவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி' நினைவு வரும். உலகில் பெரும்பரப்பில் உழாமல் செய்கிறவர்கள் வேறு ஆட்கள். அமெரிக்காவில் எட்வர்ட் ஃபோக்னர் 1943இல் கலப்பையே குற்றவாளி என்று புத்தகம் எழுதிச் சண்டை மூட்டினார். பிரேசிலின் பரானா மாநிலத்தில் ஹேர்பர்ட் பார்ட்ஸ் 1972இல் உழாமல் சோயா விதைத்தார். இன்று பிரேசில், ஆர்ஜென்ரீனா, அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஹெக்டேயர் அப்படி நடக்கிறது. அதில் பெரும்பகுதிக்குக் கலப்பை செய்த களை வேலையைக் களைநாசினி செய்கிறது. இதைச் சொல்லாமல் உழாத விவசாயத்தைப் புகழ்வது பாதிக் கதை.

நமக்கு அந்த மற்றப் பாதி நன்றாகத் தெரியும். 2015இல் கிளைபொசேற்றுக் களைநாசினியைத் தடை செய்தோம், வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்ப் பயத்தில். தேயிலை மலையில் களை எழும்பியது; கூலியாள் போதவில்லை; சிலர் வேறு களைநாசினியைத் தூக்கினார்கள், சிலர் மீண்டும் சுரண்டியைத் தூக்கினார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. நஞ்சு வேண்டாம் என்று சொல்வது ஒரு நியாயம், மண்ணைக் கிளறாதே என்பது இன்னொரு நியாயம். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் மூன்றாவது ஆளாக மூடுபயிரையும் கூலியையும் மேசைக்கு அழைக்க வேண்டிவரும். அழைக்கவில்லை.

*

வெள்ளவத்தைக்காரர் லீக்ஸ் வாங்கும்போது வெள்ளைப் பகுதி நீளமாக இருக்கிறதா என்று பார்ப்பார். நானும் பார்ப்பேன். வெள்ளை நீள வேண்டுமென்றால் தோட்டக்காரர் திரும்பத் திரும்ப மண் அணைக்க வேண்டும். உருளைக்கிழங்குக்கும் அப்படித்தான், பிறகு தோண்டி எடுக்கவும் வேண்டும். கரட்டுக்குப் பாத்தி மாவாக இருக்க வேண்டும். விதை மெதுவாக முளைப்பதால் அந்த மாவு வாரக்கணக்கில் திறந்து கிடக்கும். நாம் வாங்குகிற மலைநாட்டு மரக்கறியில் பாதி, நிலத்தைப் புரட்டாமல் கிடைக்காத சாதி. வருடத்தில் மூன்று போகம். ஒவ்வொரு போகத்துக்கும் கோழி எரு, மேலே பசளை. பல தோட்டங்களில் பொசுபரசு பயிர் கேட்பதைவிட எத்தனையோ மடங்கு குவிந்து கிடக்கிறது. மண் ஆற்றுக்குப் போகும்போது அதுவும் கூடவே போய் நீர்த்தேக்கத்தைப் பச்சையாக்கும்.

இங்கே 'உழாதே' என்று சொல்வதில் அர்த்தமில்லை. போஞ்சிக்கும் கோவாவுக்கும் குறைவான கிளறல் போதும்; அவற்றைக் கிழங்குக்கு அடுத்து வைக்கலாம். வரிசையைச் சரிவுக்குக் குறுக்கே போடலாம். அறுவடை முடிந்த பாத்தியை வைக்கோலாலோ புல்லாலோ மூடலாம். கிழங்குக்காரரிடம் கேட்க வேண்டியது எத்தனை தரம் கொத்தினாய் என்றல்ல. கொத்திய பிறகு எத்தனை நாள் திறந்து வைத்தாய் என்று.

*

யாழ்ப்பாணத்துச் செம்மண் மலை மண்ணுக்கு நேர் எதிர். சரிவில்லை, ஓடுவது குறைவு. அதன் வியாதி வேறு. சுண்ணாம்புக்கல்லின் மேல் ஆழமில்லாத மண், கொதிக்கிற வெயில், வருடம் முழுக்க இறைப்பு. சேதனப் பொருள் போட்ட வேகத்தில் எரிந்துபோகும். யூரியா மழையோடு கல்லிடுக்கு வழியே கிணற்றுக்குப் போகும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

இதற்கு எங்களுடைய ஆட்கள் பாடப்புத்தகம் இல்லாமலே வைத்தியம் கண்டிருந்தார்கள். குழை தாழ்ப்பது. பூவரசங் குழை, சீமைக்கிளுவை, ஆடாதோடை, முள்முருக்கு. சால் வெட்டி இலையைப் போட்டு மிதித்து மண்ணால் மூடுவார்கள். வேலியிலும் கூரையிலும் இருந்து உக்கின பனையோலை கடைசியில் தோட்டத்துக்குள் போகும். அறுவடைக்குப் பின் மாட்டுப் பட்டி அடைப்பார்கள். இங்கே கொத்துவது மண்ணைத் தூளாக்க அல்ல, இலையைப் புதைக்க. அந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கொத்தினால் சேதனப் பொருள் குறையும் என்பது உண்மை. கொத்தும்போதெல்லாம் ஒரு வண்டி குழை உள்ளே போனால் கணக்கு நேராகும்.

பிறகு வேலி மதிலானது. மதிலில் குழை வெட்ட முடியாது. உழவு இயந்திரம் வந்தது, ரொட்டவேற்றர் வந்தது, இரண்டு தரம் ஓட்டினால் தறை மாவு. கொத்து மிஞ்சியது, குழை போய்விட்டது.

அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது சணல். ஐப்பசி மழையோடு விதைத்தால் மார்கழியில் தோட்டம் முழுக்க மஞ்சள் பூ. இப்போது அதில் நின்று படம் எடுக்கக் கொழும்பிலிருந்தும் போகிறார்கள், கலியாணப் படம் உட்பட. பூக்கத் தொடங்கும் நேரம், ஏறக்குறைய 45, 50 நாளில், மடக்கி உழ வேண்டும். அந்த நேரத்தில் தண்டு இளசு, நைதரசன் நிறைய. மண்ணில் இரண்டு மூன்று கிழமையில் அழுகும். படமெடுக்கிறவர்களுக்காகக் காய்க்க விட்டால் தண்டு நாராகும். நாரை அழுக வைக்க நுண்ணங்கிகள் மண்ணில் உள்ள நைதரசனையே இழுத்துக்கொள்ளும். அடுத்து வைக்கிற வெங்காயம் மஞ்சளடிக்கும்.

சணலின் பெரிய உபகாரம் நைதரசன் பிடிப்பது என்று எல்லோரும் சொல்வார்கள். வலிகாமத்தில் அதைவிடப் பெரியது வேறொன்று என்பது என் எண்ணம். மாரியில் தறை வெறுமையாக இருந்தால், போன போகத்துப் பசளையின் மிச்சம் முழுவதும் மழையோடு கிணற்றுக்குப் போகும். அந்தக் கிழமைகளில் ஒரு வேர் மண்ணுக்குள் இருந்து அதைக் குடித்தால், கிணறு தப்பும். அவரையினம் காற்றிலிருந்து எடுப்பதற்கு முன் மண்ணில் சும்மா கிடைப்பதைத்தான் எடுக்கும். கூடவே தக்காளி, கத்தரி வேரில் முடிச்சுப் போடுகிற வட்டப்புழுவையும் சணல் அடக்கும்.

கோண்டாவில் பக்கத்திலிருந்து வெங்காயம் ஏற்றி வந்த ஒருவரிடம் இதைக் கேட்டேன். "எனக்கு நீங்கள் சொல்லித் தரவேணுமே அண்ணை? சொந்தத் தறையில நான் விதைக்கிறனான். குத்தகைத் தறையில ஆர் விதைப்பான்? வாற வருசம் அது ஆருக்கோ."

மண்வளம் பற்றி நான் வாசித்த கட்டுரைகளில் பாதி இந்த ஒரு பதிலுக்கு முன் நிற்காது. மூடுபயிர் நிலம் சொந்தமானவனின் பயிர்.

*

திருக்குறளின் உழவு அதிகாரத்தில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும் வரை உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் தேவையில்லை என்று ஒரு குறள் (1037). இயற்கை விவசாயக் கூட்டங்களில் இதைத் தூக்கிப் பிடிப்பார்கள். உழாதே என்பவர்கள் மௌனமாகிவிடுவார்கள்.

வள்ளுவர் சொன்னது நடக்கும். கென்யாவில் வேலை செய்த பேர்ச் என்ற விஞ்ஞானி 1950களின் கடைசியில் இதை அளந்து காட்டினார்: நன்றாகக் காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணங்கிகள் ஒரே வெறியில் சேதனப் பொருளைத் தின்று நைதரசனை வெளியே விடும். காய்ச்சல் எவ்வளவு நீளமோ அவ்வளவு வெளியேறும். எங்கள் புழுதி விதைப்புக்காரருக்கு முதல் மழைக்குப் பின் நெல் கறுப்பதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் அது மண்ணுக்குள் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக் கொடுப்பது. வருடாவருடம் எடுத்தால் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. அடுத்த குறளிலேயே உழுவதைவிட எருவிடுவது நல்லது என்று அவர் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் சண்டை இல்லை.

*

நெல் வயலுக்குக் கிளறாதே, மூடு என்ற இந்த விதிகள் ஒன்றும் பொருந்தாது. சேறடித்து அடித்து ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே இறுகின தட்டு நெல்லுக்குச் சொத்து. தண்ணீரைத் தாங்குவது அதுதான். தம்புள்ளைப் பக்கம் பெரும்போகம் நெல், சிறுபோகம் பெரிய வெங்காயம் என்று மாற்றும்போது அதே தட்டு வேரை மறிக்கும். ஒரே வயல், ஒரே தட்டு.

*

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்க வேண்டிவந்தது. இடையில் மரக்கறி விலை என்ன ஆட்டம் ஆடியது என்பது சந்தைக்குப் போன எல்லோருக்கும் தெரியும். சேதன விவசாயம் முடியாது என்பதற்கு அதை உதாரணமாகச் சொல்வது தவறு. சணலுக்கு 50 நாள், மானாவுக்கு இரண்டு வருடம், சீமைக்கிளுவை வேலி வெட்டுக்கு வர ஒன்றிரண்டு வருடம். ஒரு வளர்ந்த தென்னைக்கு வருடம் 30 கிலோ சீமைக்கிளுவை இலை தாழ்த்தால் யூரியா தேவைப்படாது என்கிறது லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிலையம். அந்த இலைக்கு முதலில் மரம் வேண்டும். இவற்றில் ஒன்றையும் விதைக்காமல் வர்த்தமானி மட்டும் வெளியிட்டார்கள்.

*

மலையிலும் வலிகாமத்திலும் விளைகிற இலையும் தண்டும் தினமும் கொழும்பை நோக்கி ஒருவழிப் பாதையில் வருகின்றன. வந்த லொறிகளில் பல வெறுமையாகத் திரும்புகின்றன. நகரத்துக் குப்பை மலையாகி 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் சரிந்து 32 பேரைக் கொன்றது. கெரவலப்பிட்டியவில் இப்போது குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஈரக் கோவா இலையை எரிப்பதில் என்ன மின்சாரம் வரும்? அதை உக்க வைத்து, திரும்புகிற லொறியில் ஏற்றினால் ஏறும்.

சந்தை நிருவாகத்துக்கும் மாகாண விவசாயத் திணைக்களங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இலைக் கழிவைப் பிளாஸ்ரிக்கோடு கலக்காமல் பிரித்து அள்ளுங்கள், உக்கிய பசளையைத் திரும்பும் லொறிக்கு இலவசமாகக் கொடுங்கள். வலிகாமத்தில் தறையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லண்டனிலும் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: குத்தகையை மூன்று வருடமாக எழுதுங்கள், சணல் விதைக்கிற மாரிக்குக் குத்தகைக் காசு வாங்காதீர்கள்.